கிழவர் வருகிறார் என்று வாங்காமல் விட்ட வீடுகள்

1

எட்டு வருடமாக எங்கள் வீட்டில் ஒரு ஜனாதிபதி வேட்பாளர் குடியிருந்தார். வாடகை தந்ததில்லை, கோப்பை கழுவியதில்லை, அந்த எட்டு வருடமும் ஆளை நான் கண்ணால் கண்டதுமில்லை. ஆனால் வீட்டில் எதைச் செய்வதென்றாலும் அவரை யோசித்துத்தான் செய்ய வேண்டியிருந்தது.

பெயர் எழுத மாட்டேன். எழுதினால் அவருடைய ஆட்களும் எதிராட்களும் ஒன்றாகச் சேர்ந்து எனக்குக் கடிதம் போடுவார்கள். பழைய சிங்கள மந்திரி. ஒரு தரம் ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றவர். அதற்குப் பிறகு அரசியல் போதும் என்று வீட்டில் இருந்தவர். நாங்கள் அவரைக் கிழவர் என்போம். இருந்தவரை இருக்கவிடாமல் வருடத்துக்கு ஒரு தரம் ஒரு கதை கிளம்பும். கிழவர் திரும்பவும் நிற்கப் போகிறார். கிழவர் யோசிக்கிறார். கிழவர் மறுக்கவில்லை.

இந்தக் கதை கிளம்பினால் அங்கே ஊரில் இருக்கும் உங்களுக்கு என்ன நடக்குமோ எனக்குத் தெரியாது. இங்கே கனடாவில், ஸ்காபரோவில், என் சீவியம் நின்றுவிடும்.

காரணம் என் புருஷன் தர்மலிங்கம். அந்த நாளில் இவர் அரசாங்க அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரியில் மொழிபெயர்ப்பாளர். சிங்களச் சோதனையில் திறமையாகப் பாஸ் பண்ணியவர். கிழவர் தேர்தலுக்கு நின்றபோது முற்றவெளி மைதானத்தில் ஒரு கூட்டம் வைத்தார். பேச்சைத் தமிழில் சொல்ல ஒழுங்கு பண்ணியிருந்த ஆள் பயத்தில் வரவில்லை. வேடிக்கை பார்க்கப் போன இவரை யாரோ பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். கிழவர் சிங்களத்தில் நாலு வசனம் சொன்னாராம். இவர் தமிழில் பத்து நிமிடம் சொன்னாராம். சனம் எழும்பி நின்று கைதட்டியதாம். கிழவர் இவரைக் கட்டிப்பிடித்து, ‘நான் வந்தால் நீதான் என் குரல்’ என்றாராம்.

எல்லாம் இவர் சொன்னதுதான். நான் அன்று வயிற்றில் பிள்ளையோடு வீட்டில் சத்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

கிழவர் வரவில்லை, தோற்றார். பிறகு சண்டை வந்தது. நாங்கள் கொழும்புக்கு ஓடி, சென்னைக்கு ஓடி, கடைசியில் இங்கே வந்து விழுந்தோம். நகை போனது, காணி உறுதிப் பத்திரம் போனது, கலியாணப் படங்கள் போயின. அந்தக் கட்டிப்பிடிப்பை மட்டும் இவர் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்.

2

முதல் தரம் கதை கிளம்பியது நாங்கள் வந்து அடுத்த மாரியில். இவர் கார் ஓட்டும் சோதனைக்குப் போக இருந்தார். போகவில்லை. “ஆறு மாசத்திலை போகப்போறம். அங்கை கார் ஓடுறது மற்றப் பக்கம். இஞ்சை பழகினால் கைப்பழக்கம் கெட்டுப்போம்” என்றார். அங்கே இவரிடம் சைக்கிள்தான் இருந்தது என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். பிறகு நான் போய்ச் சோதனை எடுத்தேன். இரண்டு தரம் பெயில், மூன்றாம் தரம் பாஸ். அன்றிலிருந்து வீட்டுக்குச் சாரதி நான்தான். இவர் பக்கத்தில் இருந்து சிக்னல் போடச் சொல்லித் தருவார்.

இரண்டாம் தரம் அஜின்கோர்ட்டில் ஒரு டவுன்ஹவுஸ் வாங்க இருந்தோம். சின்னதுதான், ஆனால் பின்னால் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வைக்க இடம் இருந்தது. கையெழுத்து வைக்கிற கிழமை கிழவர் கண்டியில் ஏதோ விகாரைக்குப் போய்ப் பூ வைத்தார் என்று ரேடியோவில் சொன்னார்கள். “சும்மா ஆக்கள் விகாரைக்குப் போறேல்லை” என்று இவர் கையெழுத்து வைக்காமல் விட்டார். சும்மா ஆட்களும் விகாரைக்குப் போவார்கள் என்று நான் சொன்னேன். அரசியல் விளங்காத மனுசி என்று பேர் வாங்கினேன். அந்த வீட்டை வேறு ஒரு தமிழ்க் குடும்பம் வாங்கியது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் காரை மெதுவாக்குவேன். இவர் மற்றப் பக்கம் பார்ப்பார்.

ஆகவே நாங்கள் இன்னும் அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் நிலவறையில் இருந்தோம். பேஸ்மென்ட் என்று சொன்னால் இப்போது உங்களுக்கும் விளங்கும். சூடாக்கும் மெசின் எங்கள் படுக்கைக்குப் பக்கத்தில், அதைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி மேலே வீட்டுக்காரியின் கையில். அவள் வெளியூர் போனால் நாங்கள் கம்பளிச் சட்டையோடு படுப்போம். எங்கள் மகள் அபி ஹோலில் ஒரு திரைச்சீலைக்குப் பின்னால் படுப்பாள். வயது பதினாலு. அவள் பள்ளிக்கூடச் சிநேகிதிகளை ஒருநாளும் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. திரைச்சீலையைப் பார்த்தால் தெரியும்தானே.

இந்த வருடம் மில்லிக்கனில் ஒரு வீடு வந்தது. மூன்று அறை, சுவரோடு சுவர் ஒட்டிய வீடு, ஸ்ரீல்ஸ் வீதிக்குக் கிட்ட. வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட் சிவம் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். இங்கே எல்லா ஏஜென்ட்மாரும் எல்லாருக்கும் தூரத்துச் சொந்தம்தான். “அக்கா, விக்கிறவை நல்ல சனம். திங்கள் பின்னேரம் மட்டும் காத்திருக்கினம். அதுக்குப் பிறகு மற்ற ஆளுக்குக் குடுத்திடுவினம். ரெண்டு பேரும் வந்து கையெழுத்து வையுங்கோ” என்றான். ஒருவர் சம்பளத்துக்கு வங்கி கடன் தராது. ஆகவே இவருடைய கையெழுத்து இல்லாமல் வீடு இல்லை.

வங்கியில் ஒரு கூத்து நடந்தது. கடன் கொடுக்கும் அம்மா நல்ல சிரித்த முகம். கனடாவிலேயே தொடர்ந்து இருக்கிற யோசனையா என்று கேட்டாள். ஓம் என்று சொல்லிவிட்டு வாயை மூடவேண்டியதுதானே? இவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு இங்கிலீஷில், “அது தேர்தல் முடிவைப் பொறுத்தது, மேடம்” என்றார். அவள் முகம் மாறிவிட்டது. கியூபெக் மாகாணம் பிரிந்து போகப்போகிறது என்று எல்லாரும் கதைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அவள் மேசைக்கு மேலால் எட்டி இவர் கையைத் தொட்டு, “கவலைப்படாதீர்கள், எங்கள் நாடு உடையாது” என்று ஆறுதல் சொன்னாள். இவரும் தலையை ஆட்டி, “நாங்களும் எங்களுடையதைப் பற்றி அப்படித்தான் நினைத்தோம்” என்றார். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கடன் கிடைத்ததற்கு அதுதான் காரணம் என்று இவர் இன்றைக்கும் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை எல்லாம் சரியாக இருந்தது. வெள்ளி பின்னேரம் தமிழ்க் கடைக்கு மீன் வாங்கப் போனேன். கடை வாசலில் இலவசமாகக் கிடக்கும் வாரப் பத்திரிகையில் முதல் பக்கம் கிழவரின் படம். ‘மீண்டும் களத்தில்? கொழும்பு வட்டாரங்கள் தகவல்.’

எடுத்து மீனைச் சுற்றினேன். பயனில்லை. இவர் அதற்கு முதலே இன்னொரு பிரதி எடுத்துவிட்டார்.

3

“இஞ்சாரும், திங்கக்கிழமைக் காரியத்தைக் கொஞ்சம் பிற்போடுவமே?”

“என்னத்துக்கு?”

“கொழும்பிலை இருந்து வந்த செய்தியப்பா. உறுதியான செய்தி. கிழவர் இறங்கினால் பேச்சுவார்த்தை வரும். பேச்சுவார்த்தை வந்தால் அவருக்கு ஒரு ஆள் வேணும். தமிழ் தெரிஞ்ச, சிங்களம் தெரிஞ்ச, நம்பிக்கையான...”

“பாக்கிங் லொட்டிலை கூட்டுக்குள்ளை இருக்கிற ஆள்.”

“உது தற்காலிக வேலை.”

“எட்டு வரியமாத் தற்காலிகம்.”

இவர் டவுன்ரவுனில் ஒரு நிலக்கீழ் கார்த் தரிப்பிடத்தில் காசு வாங்கும் கண்ணாடிக் கூட்டில் வேலை செய்கிறார். இரண்டு கட்டிடங்களுக்கு அடியில், வெயில் படாத இடம். அதற்குள் ரேடியோ ஒழுங்காக எடுக்காது. பகல் முழுக்க அரைவாசிச் செய்தி கேட்டு மற்ற அரைவாசியைத் தானே நிரப்பிக்கொண்டு வருவார். பொழுதுபட்டதும் அந்த வாரப் பத்திரிகைக்காரன் சந்திரனுக்குப் போன் போட்டு ஒரு மணித்தியாலம் கதைப்பார். சந்திரன் கேட்பான், இவர் விளக்குவார். அந்தப் பேச்சு முழுவதும் திரைச்சீலைக்குப் பின்னால் படிக்கிற பிள்ளையின் காதுக்குள்.

அன்றைக்கு அபி திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். எங்கள் பிள்ளைகளுக்குக் கோபம் வந்தால் தமிழ் போய்விடும்.

“டாட், சீரியஸ்லி? ஹி’ஸ் லைக் எய்ட்டி. ஹி டஸன்ட் ஈவன் நோ யூ.”

“என்னைத் தெரியாதோ? கட்டிப்பிடிச்சவர் பிள்ளை!”

“எனக்கு ஒரு கதவு வேணும். தட்ஸ் ஓல். ஒரு டோர். மூடுறதுக்கு.”

சொல்லிவிட்டுத் திரையை இழுத்தாள். திரையை அறைந்து சாத்த முடியாது. அது மெதுவாக ஆடி நின்றது. இவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பத்திரிகையைப் பிரித்தார்.

நான் அந்த நேரம் ஒரு முடிவு எடுத்தேன். இவரைக் கொண்டுபோய்க் கிழவரை நேரே காட்டிவிடுவது.

4

ஏனென்றால் கிழவர் கொழும்பிலும் இல்லை, கண்டியிலும் இல்லை. இங்கேயே, பக்கத்து ஊரான விட்பியில் இருந்தார். அது எனக்கு ஒரு மாதமாகத் தெரியும்.

நான் ஒரு மஃபின் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். ஓடும் பட்டியில் மஃபின் வரும், ஆறு ஆறாகப் பெட்டியில் அடுக்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் நிற்பவள் குசுமா. கம்பஹா ஊர்ச் சிங்களத்தி. எங்கள் இரண்டு பேரையும் ஒரு நாடு என்றபடியால் மேற்பார்வைக்காரன் ஒன்றாக நிறுத்திவிட்டான். முதல் மாதம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டாம் மாதம் என் விரல் மெசினில் அகப்பட்டபோது அவள் முகம் துடைக்க வைத்திருந்த பெரிய கைலேஞ்சியைக் கிழித்துக் கட்டினாள். அதற்குப் பிறகு ஆறு வருடம் கதைத்துக்கொண்டே அடுக்கினோம். அவளுக்கு இங்கிலீஷ் வராது. தமிழ் படிக்கச் சொன்னேன், சிரித்தாள். கடைசியில் நான்தான் சிங்களம் படித்தேன். மாமியாரைத் திட்டுகிற சிங்களம், மீன் விலை சொல்கிற சிங்களம், பிள்ளை சொல்வழி கேட்பதில்லை என்று அழுகிற சிங்களம். எல்லாம் வரும்.

இதை இவருக்கு நான் சொன்னதில்லை. கலியாணம் கட்டிய புதிதில் இவர் எனக்கு ஒரு கிழமை சிங்களம் படிப்பித்தார். பிறகு புத்தகத்தை மூடிவைத்து, “உமக்கு நாக்கு வளையாது” என்றார். வளையாத நாக்கு வளைந்த கதையை ஏன் சொல்லவேண்டும்? நானும் குசுமாவும் கைப்பாஷையில் கதைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நினைக்கட்டும் என்று விட்டேன்.

குசுமா ஞாயிற்றுக்கிழமைகளில் விட்பியில் ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போகிறாள். அந்த வீட்டுக்காரி பல் வைத்தியர். அவளுடைய தகப்பன்தான் கிழவர். ‘வந்ததிலிருந்து கையுறை போடமாட்டேன் என்று சண்டை’ என்று குசுமா சொன்னாள். ‘நாள் முழுக்கக் காலநிலை ரீவி பார்க்கிறார். கதைக்க ஆள் இல்லை. பாவம்.’

சனிக்கிழமை குசுமாவுக்குப் போன் போட்டேன். அவள் அங்கே கேட்டுச் சொன்னாள். ஞாயிறு வரலாமாம்.

இவருக்குச் சொன்னபோது முகம் வெளிறிவிட்டது. அலுமாரியைத் திறந்து, யாழ்ப்பாணத்தில் தைத்த கோட்டை எடுத்துத் தட்டினார். பொத்தான் பூட்ட எட்டவில்லை. நான் இரவோடு இரவாகப் பொத்தானை இடம் மாற்றித் தைத்தேன். திட்டிக்கொண்டுதான் தைத்தேன்.

5

வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு பெட்டி மஃபின் கொண்டுபோனோம். உடைந்தது, கருகியது என்று எங்களுக்குத் தருகிற மஃபின்தான். நல்லதாகப் பார்த்து எடுத்தேன். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் கிழக்கே போகப்போக வீடுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி. மரம் ஒன்று நட்டிருப்பார்கள், அதற்கு ஒரு கம்பு துணை நிற்கும். இவர் வழி முழுக்கச் சிங்களத்தில் வாய்க்குள் ஏதோ ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். சிக்னல் போடச் சொல்லக்கூட மறந்துபோனார். அப்போதுதான் எனக்கும் பயம் வந்தது.

குசுமா கதவைத் திறந்தாள். மகளும் மருமகனும் வெளியே போயிருந்தார்கள். உள்ளே சோபாவில் கிழவர் இருந்தார். படத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற ஆள் இரண்டு சோடி காலுறையும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு சிறுத்துப்போயிருந்தார். ரீவியில் நாளைய குளிரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இவர் குனிந்து கும்பிட்டார். கிழவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, “தர்மலிங்கம்! நீளமாகப் பேசிய தர்மலிங்கம்!” என்றார் சிங்களத்தில்.

அபி சொன்னது பிழை. ஆளை ஞாபகம் இருந்தது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, கிழவரின் எட்டு வருட வாடகையையும் அதிலேயே கட்டிவிட்டார்.

இனி அவர்கள் கதைத்தது எல்லாம் சிங்களத்தில். நான் சோபா ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் விளங்காத மனுசியாக இருந்தேன்.

“சேர், செய்தி பார்த்தோம். திரும்பவும் வருகிறீர்களாம்.”

“எனக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். கொழும்பிலிருந்து ஒரு நிருபர் போன் பண்ணினான். ரொறன்ரோத் தமிழர் எல்லாரும் நான் வரவேண்டும் என்று கேட்கிறார்களாம், ஒரு பத்திரிகையில் வந்திருக்கிறதாம். கேட்கிறவர்களை முகத்தில் அடித்த மாதிரி மறுக்கலாமா? யோசிக்கிறேன் என்று சொல்லிவைத்தேன்.”

இவர் வாய் திறந்தபடி நின்றது. எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் வெளித்துவிட்டது. ரொறன்ரோத் தமிழர் எல்லாரும் என்றால் யார்? என் புருஷன். இவர் சந்திரனுக்குச் சொன்னது. சந்திரன் போட்டதைப் பார்த்துக் கொழும்புக்காரன் கிழவரைக் கேட்டிருக்கிறான். கிழவர் யோசிக்கிறேன் என்றதைக் கொழும்புக்காரன் போட்டிருக்கிறான். அதைப் பார்த்து சந்திரன் கொழும்பு வட்டாரம் என்று போட்டிருக்கிறான். அதைப் படித்துவிட்டு இவர் உறுதியான செய்தி என்று என் வீட்டை நிற்பாட்டினார். தன் வாயிலிருந்து போன கதை உலகம் சுற்றிவந்து தன் காதுக்குள்ளேயே விழுந்திருக்கிறது.

“சேருக்கு... அப்போ எண்ணம் உண்டுதானே?”

“பைத்தியமா? மட்ட பே. மேடைப் படி ஏற என் முழங்கால் விடாது. மகள் கீழே எனக்கு ஒரு அறை கட்டுகிறாள். என் கதிரை மேசை எல்லாம் கப்பலில் வருகிறது.”

‘மட்ட பே’ என்றால் என்னால் ஏலாது. அந்த நாட்டில் பிறந்த எவருக்கும் அது விளங்கும். இவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: “முடிவு எடுக்கேல்லையாம். உடம்பு சுகமாம்.”

நான் தலையாட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஆட்டினேன்.

கிழவர் மஃபின் ஒன்றைப் பிய்த்துக்கொண்டே, “உனக்கு இங்கே வீடு இருக்கிறதா?” என்று கேட்டார்.

“இல்லை சேர். காத்திருக்கிறோம்.”

“எதற்கு?”

“உங்களுக்குத்தான் சேர்.”

கிழவர் முதலில் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார். மஃபினைக் கீழே வைத்தார். பழைய மந்திரிக் குரல் அப்போதுதான் வெளியே வந்தது. “எனக்காக ஒரு மனிதன் குடும்பத்தை வாடகை வீட்டில் வைத்திருக்கிறானா? எனக்கு இது பாவம், தர்மலிங்கம். உன் மனைவிக்குச் சொல். நாளைக்கே வீட்டை வாங்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்.”

இவர் தொண்டையைச் செருமினார். என் முகத்தைப் பார்க்காமல், ரீவியைப் பார்த்துச் சொன்னார்: “வீடு வாசல் விசயத்திலை அவசரப்பட வேண்டாமாம். அவர் சொன்னதாச் சொல்லட்டாம்.”

எனக்கு மேலே ஏறிய சூட்டுக்கு விட்பி முழுக்க ஸ்நோ கரைந்திருக்கும்.

எழும்பி நின்றேன். கிழவரைப் பார்த்து, எனக்குத் தெரிந்த மஃபின் சிங்களத்தில் சொன்னேன். “மாத்தையா, நீங்கள் சொன்னதை இந்த மனுசன் சொல்லவில்லை. வாங்கச் சொன்னீர்கள். இவர் வாங்கவேண்டாம் என்கிறார். முழங்கால் ஏலாது என்றீர்கள். இவர் உடம்பு சுகம் என்கிறார்.”

குசினிக்குள் குசுமா கரண்டியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

“நோனா, நீங்கள் எங்கே சிங்களம் படித்தீர்கள்?” என்றார் கிழவர்.

“மஃபின் பாக்டரியில்.”

கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். இவர் பக்கம் திரும்பினார். எனக்கு அவர் என்ன யோசிக்கிறார் என்று விளங்கியது. இவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். குனிந்த தலை நிமிரவில்லை.

“அன்று யாழ்ப்பாணத்தில் நான் நாலு வசனம்தான் சொன்னேன். உங்கள் ஊர் வெயில் கடுமை. மாம்பழம் இனிப்பு. உங்கள் பிரச்சினைகளைக் கவனிப்பேன். எனக்கு வாக்களியுங்கள். அவ்வளவுதான். நீ பத்து நிமிடம் பேசினாய். தமிழ் நீளமான பாஷை என்று நினைத்தேன். நீ என்ன சொன்னாய்?”

“ஞாபகம் இல்லை சேர்.”

“ஞாபகம் இருக்கு” என்றேன் நான் தமிழில். “நித்திரையிலும் சொல்லுறனீங்கள். எழும்பிச் சொல்லுங்கோ.”

இவர் எழும்பினார். கோட்டை இழுத்துவிட்டார். அந்தப் பொத்தான் நின்று பிடித்தது. முதல் வசனம் மெதுவாகத்தான் வந்தது. பிறகு குரல் எழும்பியது. கண்ணாடிக் கூட்டுக்குள் எட்டு வருடம் மீதிக் காசு எண்ணிக் கொடுத்த மனுசனிடம் அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று எனக்கே அன்றுதான் தெரியும். குசுமா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

கிழவருக்கு ஒரு சொல் விளங்கவில்லை. என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். சொல்லு என்று.

சொன்னேன். ஒவ்வொரு வசனமாக, கூட்டாமல், குறைக்காமல்.

“வீட்டில் பேசுகிற பாஷையை நீங்கள் அரசாங்கக் கந்தோரிலும் பேசலாம் என்கிறார். உங்கள் பிள்ளை சோதனையில் எடுத்த புள்ளி உங்கள் பிள்ளைக்குத்தான் என்கிறார். பொலிஸ் உங்கள் வீட்டுக்கு வந்தால் கதவைத் தட்டிவிட்டு வெளியே நிற்கும் என்கிறார். இது நான் போடுகிற பிச்சை இல்லை, உங்களுடையது, என் கையில் இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்.”

ஒரு இடத்தில் மட்டும் நானும் ரீவியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். எந்த இடம் என்று எழுத மாட்டேன்.

பேச்சு முடிந்தபோது ரீவியில் ஒரு பெட்டை புயல் வரப்போகிறது என்று சிரித்துக்கொண்டு நின்றாள். கிழவர் அதை நிற்பாட்டினார்.

“இதையெல்லாம் நான் சொல்லவில்லை.”

“இல்லை சேர்.”

“சொல்லியிருந்தால் தெற்கில் எனக்குத் தேர்தல் கட்டுக்காசும் மிஞ்சியிராது.”

“தெரியும் சேர்.”

“இத்தனை வருடமாக அவர்கள் எனக்குக் கைதட்டினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.”

இவர், “எனக்குத்தான் தட்டினார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், சேர்” என்றார்.

நல்ல காலம், குசுமா வந்து சோறு ஆறுகிறது என்று சத்தம் போட்டாள். சாப்பிட்டோம். பருப்பும் கருவாடும். கிழவர் இவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் தன் கையால் இரண்டாம் தரம் சோறு போட்டார். போகும்போது வாசல்வரை வந்தார். கையுறை போடாமல்தான்.

6

திரும்பி வரும்போது இவர் பேசவில்லை. ஏஜாக்ஸ் போனது, பிக்கரிங் போனது. நான் வேண்டுமென்றே சிக்னல் போடாமல் வரிசை மாறிப் பார்த்தேன். அதற்கும் பேச்சில்லை. மனுசனை உடைத்துவிட்டேனோ என்று இருந்தது. திட்டுவது எனக்குப் பழக்கம், மன்னிப்புக் கேட்பது பழக்கமில்லை. ஆகவே ஹீற்றரைக் கூட்டிவிட்டேன்.

மார்க்கம் வீதி கிட்ட வந்தபோது கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

“உமக்குச் சிங்களம் நல்லா வருது.”

“ஓம்.”

“கம்பஹாப் பக்கத்து இழுவை இருக்கு.”

“குசுமாவின்ரை.”

கொஞ்சத் தூரம் போனோம்.

“கடைசி வசனத்தை நீர் சொல்லேல்லை.”

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓடினேன். இவர் முற்றவெளியில் கடைசியாகச் சொன்ன வசனம் எனக்கு மனப்பாடம். அன்று விட்பியிலும் கையை உயர்த்தி அதைச் சொல்லித்தான் முடித்தார். ‘நான் தோற்றாலும், உங்களிடம் திரும்பி வருவேன்.’

“விளங்காமல் விட்டீரோ?”

“விளங்கித்தான் விட்டனான். அதைச் சொல்லி, அந்த மனுசன் ரோசத்திலை முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு எழும்பியிருந்தால்? என்ரை வீடு என்ன ஆகிறது?”

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கோட்டுப் பொத்தான் தெறித்து எங்கோ சீற்றுக்கு அடியில் போய் விழும்வரை சிரித்தார். “அப்ப நீரும் மொழிபெயர்ப்பாளர்தான்” என்றார்.

7

திங்கட்கிழமை இவர் லீவு போட்டுவிட்டு எனக்கு முதலே வழக்கறிஞர் கந்தோரில் போய் நின்றார். பஸ்ஸில் போயிருக்கிறார். கையெழுத்து வைக்கச் சொன்ன இடமெல்லாம் வைத்தார், வைக்கத் தேவையில்லாத ஒரு இடத்திலும் வைத்தார். சிவம் போட்டோ எடுத்தான். போட்டோவில் இவர் தேர்தலில் வென்ற ஆள் மாதிரி நிற்கிறார்.

இதை மில்லிக்கன் வீட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். அபி வந்த முதல் கிழமை தன் கதவை ஒரு நாளைக்கு இருபது தரம் அறைந்து சாத்தினாள். நானும் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வெளியே இவர் ஸ்நோ அள்ளுகிறார். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரும் அள்ளுகிறார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பாஷையில் ஏதோ பெரிய அரசியல் கதைக்கிறார்கள். கார்ச் சோதனைக்கு இவர் நாள் எடுத்திருக்கிறார். சிக்னல் போட நான் சொல்லித் தருகிறேன்.

போன கிழமை சந்திரன் போன் எடுத்தான். “அண்ணை நிக்கிறாரோ, அக்கா? கிழவர் திரும்ப வாறார் எண்டு கொழும்பிலை ஒரு கதை அடிபடுது.”

“கொழும்பிலை ஆர் சொன்னது?”

“அது... ரொறன்ரோ வட்டாரமாம்.”

நான் யன்னலால் எட்டி வெளியே பார்த்தேன். இவர் ஸ்நோ அள்ளும் சவளை ஊன்றிக்கொண்டு நின்று, சீனக் கிழவருக்குக் கையை உயர்த்தி எதையோ விளக்கிக்கொண்டிருந்தார்.

“வட்டாரம் ஸ்நோ அள்ளுது. வேலை முடியேல்லை” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகவே அங்கே இருக்கும் உங்களுக்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன். கிழவர் நிற்கிறார் என்று எங்கேயாவது படித்தால், வீடு வாங்க இருந்தால் வாங்குங்கள், கலியாணம் பேச இருந்தால் பேசுங்கள். செய்தி கனடாவிலிருந்து வந்தது என்று சொன்னால் எங்கள் வீட்டுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். இப்போது போனை நான்தான் எடுப்பது.